பிரபுவின் இடப்பக்கம்

சிட்னிக் கண்காட்சி மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில், எழுநூறு வருடங்களுக்கு முந்திய பிரெஞ்சுப் பிரபு ஒருவர் தன் கல்லறைமேல் கற்சிலையாய்ப் படுத்திருக்கிறார். காலடியில் நாய். வலப்பக்கம் படுத்திருக்கும் முதல் மனைவியின் கையை அவருடைய வலக்கை பற்றியிருக்கிறது. இடக்கை வாளின் மேல். இடப்பக்கம் இரண்டாவது மனைவி தன் கைகளைத் தானே கோத்துக்கொண்டு கிடக்கிறாள். நேசமலர் அந்த வாளையே பார்க்கிறாள். காலையில் ஹோம்புஷ் வீட்டில் தாரகாவின் படத்துக்கு அவள் சாத்திய மல்லிகை இன்னும் விரல்களில் மணக்கிறது. தாரகா, நேசமலரின் கணவன் விஜிதரனின் இறந்துபோன முதல் மனைவி. "செத்தும் கையை விடேல்ல, பாரும்," என்று சொல்லியபடி விஜிதரன் கைபேசியை உயர்த்துகிறான். திரையில் பிரபுவும் முதல் மனைவியும் மட்டும் தெரிகிறார்கள். நேசமலர் அவன் முழங்கையைப் பிடித்து இழுக்கிறாள். "இஞ்சாருங்கோ, மற்றவவும் அங்கதான் கிடக்கிறா. அவவையும் சேர்த்து எடுங்கோ."