கப்பல் கதவு

2003 கோடையில் கடம்பூர்ப் பக்கத்துக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்றைத் தூர்வாரச் சொல்லியிருந்தாள் பெத்தம்மாள். அவள் புருஷன் சீனிராஜோ பழைய தேக்குக் கதவு ஒன்றை வாங்கிவந்தார்.

"ஏட்டி, இது கப்பல் தேக்கு. வெள்ளக்காரன் கடற்படைக்குக் கடலாழம் அளந்த சின்னப் பாய்மரக் கப்பல். கயித்த எறக்கி, ரெண்டு கைய விரிச்ச நீளம் ஒரு பாகம்னு எண்ணுவாவளாம். அளந்து முடிச்சதும் தூத்துக்குடியில அதுக்குள்ள நிலக்கரி கொட்டி வச்சாவளாம். பெறவு ஒடச்சு வித்துட்டாவ."

"கடல அளந்த கப்பல் எங் கிணத்தையா நெறைக்கப் போவுது?"

மாட்டிய மறுநாளே கதவு கசியத் தொடங்கியது. தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. வெள்ளாடுகள் வந்து நக்கின. சீனிராஜ் பெயின்ட் அடித்தார். பெயின்ட்டுக்கு மேலும் கசிந்தது.

கோவில்பட்டியிலிருந்து வரவேண்டிய தண்ணீர் லாரி ஒருநாள் வரவில்லை. மத்தியான வெயிலில் காத்திருந்துவிட்டுக் காலிக் குடத்தோடு திரும்பிய பெத்தம்மாள், வாசலில் கதவு சொட்டுவதைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். கோடாரியால் கதவைப் பிளந்து, பலகைகளை வறண்ட கிணற்றுக்குள் வீசினாள்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. கீழிருந்து ஓர் ஆண்குரல் கூவியது.

"ஏழு பாகம் ஆழம்!"

"யாருலே அது? தண்ணி இருக்கா, இல்லியா? அதச் சொல்லு!"

"இருக்குத் தாயி. எல்லாம் உப்பு. குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணி தருவீயளா?"

"எங்கிட்டயா கேக்க?"

ஆத்திரம் தாங்காமல் பெத்தம்மாள் காலிக் குடத்தைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்தாள்.

கீழே யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள்.