ஃபில்டர் மேல பழி

ரிசீவரைக் காதுல வெச்சேன். சத்தமே இல்லை.

போச்சு.

காலையிலதான் பிராட்பேண்ட் மோடம் வந்துச்சு. வீட்ல இருக்கற ஒவ்வொரு போனுக்கும் ஒரு குட்டி ஃபில்டர் மாட்டணும், இல்லேன்னா பேசறப்ப காதுல ஒரே இரைச்சல். ஆள் எதுக்கு, நானே மாட்டறேன்னு குதிச்சது நான்தான். மாட்டினதும் போன் கணீர்னு இருந்துச்சு. குளிச்சிட்டு வந்து பாத்தா செத்துக் கிடக்கு.

வேற நாளா இருந்தா பரவால்லை. லாரி ஓட்டற மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், மலையிலேர்ந்து இறங்கிட்டிருக்கார். வெளியில அடைமழை. இறங்கினதும் போன் பண்றேன்னு அக்காகிட்ட சொல்லியிருந்தார். அக்காவுக்கு எட்டு மாசம். எங்க வீட்ல செல் கிடையாது, இந்த ஒரே லைன்தான்.

தூங்கி எழுந்த அக்கா போன் பக்கத்துல உக்காந்தவ அசையலை. வயித்துல கைய வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டிருந்தா.

"அவர் அடிச்சு அடிச்சுப் பாத்திருப்பாரோ?"



அம்மா என்னை வறுத்து எடுத்துட்டாங்க. இன்டர்நெட் இல்லேன்னா துரைக்குச் சோறு இறங்காதோன்னு. என்னைத் திட்டறது, கத்தரிக்கோல் வாங்கறேன், தைலம் வாங்கறேன்னு மாடி வீட்டுக்கு ஓடறது, வந்து மறுபடியும் திட்டறது.

ஒவ்வொரு ஃபில்டரா கழட்டி, போனை நேரா லைன்ல சொருகினேன். ஊஹூம்.

அப்பதான் மோடத்தைப் பாத்தேன். அதுலயும் லைன் லைட் அணைஞ்சிருக்கு. மோடத்துக்கு நான் ஃபில்டரே மாட்டலை, மாட்டவும் கூடாது. அப்ப ஃபில்டர் கெட்டா இது எப்படி அணையும்?

வாசக்கதவுக்குப் பின்னாடி, லைன் வீட்டுக்குள்ள வர்ற இடத்துல ஒரு பெட்டி. திறந்தேன். திருகாணியைத் தளர்த்தி யாரோ வயரை வெளியே எடுத்து விட்டிருக்காங்க. கீழே எங்க வீட்டு காய் நறுக்கற கத்தி.

"அதைத் தொடாதே."

பின்னாடி அம்மா. உதடு மட்டும்தான் அசைஞ்சுது.

"நீ குளிக்கறப்ப போன் வந்துச்சுடா. லாரி கவுந்துடுச்சு. அப்பா வேலையிலேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கார். மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்குது. தகவலெல்லாம் மாடி வீட்டு போனுக்குத்தான் வருது."

"அக்காகிட்ட சொல்ல வேண்டாமா?"

"யாரோ ஒருத்தர் போன் பண்ணி அவ கேக்கணுமா? அவர் முழிக்கட்டும். முதல்ல அவர் குரலைக் கேக்கட்டும்."

முழிக்கலேன்னா? மனசுக்குள்ள அதுதான் ஓடுச்சு.

"என்னடா, கண்டுபிடிச்சியா?" உள்ளேர்ந்து அக்கா.

"என் தப்புதான்க்கா. ஃபில்டரைத் தப்பா மாட்டிட்டேன். சரி பண்ணிட்டிருக்கேன்."

"கைய வெச்சா எது விளங்கியிருக்கு?"ன்னு அம்மா அக்காவுக்குக் கேக்கற மாதிரி சத்தம் போட்டாங்க. அவங்க கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. ஐஸ் மாதிரி இருந்துச்சு.

இருட்டற நேரத்துல மாடி வீட்டம்மா படியில வந்து நின்னு, மெதுவா தலையாட்டினாங்க. முழிச்சுட்டார். பேசறார்.

கத்தியை எடுத்து வயரைத் திரும்ப மாட்டி திருகாணியை முறுக்கினேன். கொஞ்ச நேரத்துல உள்ளே மணி அடிச்சுது.

"எவ்வளவு நேரமாங்க அடிச்சுட்டிருக்கீங்க? இந்த மடையன் லைனையே கெடுத்து வெச்சுட்டான்"னு அக்கா மாமாகிட்ட என்னைத் திட்ட ஆரம்பிச்சா. அம்மா சுவத்துல சாஞ்சு அப்படியே உக்காந்துட்டாங்க.

உங்க வீட்லயும் எதாவது இப்படித் திடீர்னு கெட்டுப் போயிருக்கா? நல்லா யோசிச்சுப் பாருங்க... அது தானாவா கெட்டுச்சு?