முன்சீட்டு

ரவுடி சீரியல் ஓடும்போதெல்லாம் அற்புதம் அண்ணன் அதில் தப்பு கண்டுபிடிப்பார். அன்று சீரியலில், போலீசுக்குத் துப்புச் சொன்னவனைக் கயிற்றால் கட்டி, காரின் பின்சீட்டில் திணித்தார்கள்.

"எவன்டா இப்டி செய்வான்? முன்சீட்ல மரியாதையா குந்தவெச்சு கூட்டினு போவணும். பின்னாடி இருக்கறவன் வேலைய முடிப்பான்" என்றார் அண்ணன். கூட இருந்த அவருடைய ஆட்களில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ஞானவேல்.

சீரியல் முடிந்ததும் கார் வந்தது. எப்போதும் பின்னால் நெருக்கியடித்து வரும் ஞானவேலுக்கு முன்கதவைத் திறந்துவிட்டார்கள்.

"நான் பின்னாடியே குந்திக்கிறேன்ணே."

"கூச்சப்படாதடா, ஏறு." அண்ணன் அவனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். "பெல்ட்டப் போட்டுக்கோ. வழியில ஃபைன் போடுவானுங்க."

ஞானவேல் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தான். அது பாதியில் சிக்கியது. விட்டுவிட்டு, இந்த முறை மெதுவாக இழுத்து, அவனே மாட்டிக்கொண்டான்.