எதிர்வீட்டு ஜன்னல்

நூறு வருஷத்து வீட்டை இடிக்க ஒருத்திக்கு எப்படித்தான் மனசு வரும்? எங்கள் தெருவே கொதித்துப்போய் தையல்கார அக்காவின் வாசலில் நின்றது. வீட்டை விலைபேசியவர் அனுப்பிய புல்டோசரும் வந்து நின்றது.

தெருவில் மிஞ்சியவை இரண்டே பழைய வீடுகள். மர பால்கனியும் கலர் கண்ணாடி ஜன்னலுமாக ஒன்று அக்காவுடையது. நேர் எதிரே இருப்பது எங்கள் தெரு சங்கத் தலைவருடையது. பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொல்லி, சாரம் கட்டிப் பச்சைத் துணியால் மூடி வைத்திருந்தார். வீட்டைப் பேணினால் இப்படிப் பேண வேண்டும் என்று நாங்களும் மெச்சிக்கொண்டோம்.

"தாத்தா கட்டின வீட்டை வித்துத் தின்னா உடம்புல ஒட்டுமா அக்கா?" என்று நானே கேட்டேன்.

அக்கா உள்ளே கைகாட்டினாள். கூரை பெயர்ந்து தையல் மிஷின் மேலேயே விழுந்து கிடந்தது.

"தண்ணி குடிக்க எழுந்தேன், பிழைச்சேன். சரிபண்ண உதவுங்கன்னு சங்கத்துல கேட்டேன். அது உன் சொந்த வீடு, நாங்க தலையிட முடியாதுன்னாரு தலைவர்."

எங்களுக்கு முன்னால் நின்ற தலைவர் அசரவில்லை. இது உன் ஒருத்தி வீடில்லை, ஊர்ச் சொத்து என்றார். நாளைக்குப் பிள்ளைகள் எதைப் பார்த்து வளரும் என்று கேட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். எங்களுக்கு அது போதும். போய் புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டோம்.

எத்தனை வாய்க்கு ஒருத்தி பதில் சொல்வாள்? அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, விக்கல. அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடறேன். தலையில விழுந்தா விழட்டும்."

கைதட்டினோம். வெட்கக்கேடு, நானும்தான் தட்டினேன்.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு கார் வந்து நின்றது. டை கட்டிய ஆள் ஒருவர், கணவன் மனைவி இருவரை இறக்கி, தலைவர் வீட்டுப் பச்சைத் துணியை விலக்கிக் காட்டினார்.

"அடுத்த மாசம் இதை இடிச்சுட்டு எட்டு மாடி எழுப்பறோம் சார். எந்த மாடியில எடுத்தாலும், ஜன்னலைத் திறந்தா நேர் எதிர்ல நூறு வருஷத்துப் பழைய வீடு தெரியும். அதுக்குத்தான் விலை கொஞ்சம் கூட. கவலையே வேணாம், அதை யாரும் இடிக்காம பார்த்துக்கறதா ஓனரே வாக்குக் குடுத்திருக்காரு. அதோ, கூட்டத்துக்கு நடுவுல பேசிட்டிருக்காரே, அவர்தான்."