மேல்முனை

கீழ்முனைக் களிக்குள்ளிருந்து நீல நிறத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

கையுறையிலிருந்து பிரிந்து விழுந்திருக்கும் என்று நினைத்தாள். கையுறை ரப்பர் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இடுக்கியால் மெதுவாக இழுத்தாள். விரல் நீளத்துக்கு வந்தது. இரண்டு இடத்தில் முடிச்சு. நைலான் வலைத் துண்டு.

அவள் மண் ஆய்வகத்தில் குழாய் பிளக்கிறவள். காயலின் அடியில் அலுமினியக் குழாயை இறக்கி, மண்ணோடு தூக்கி, நெடுக்காக இரண்டாகப் பிளப்பாள். மேலே நேற்றைய சேறு, கீழே போகப்போக பழைய காலத்துச் சேறு. நடுவே வெள்ளை மணல் கோடு தெரிந்தால், அப்போது கடல் பொங்கிக் காயலுக்குள் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. ஆய்வகத்தில் பெயரே 'களிமண் அக்கா'. கையில் இருப்பதைச் சொல்கிறீர்களா, தலையில் இருப்பதைச் சொல்கிறீர்களா என்று அவளே கேட்டுச் சிரிப்பாள்.

இந்தக் குழாயில் ஏழு கோடுகள். ஏழும் கீழ்ப்பாதியில். மேல்பாதி முழுக்கச் சுத்தமான களி.

எப்போதோ கடல் ஆட்டம் போட்டது, பிறகு அடங்கிவிட்டது. இயக்குநர் அப்படித்தான் அறிக்கை எழுதினார். ஆழத்தை வைத்து, அடிமண்ணுக்கு உத்தேசமாக மூவாயிரம் வயது போட்டார். அறிக்கையை அவசரமாகக் கேட்டார்கள். வயதுச் சோதனைக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை.

அந்த அறிக்கையை நம்பித்தான், கடல் அரித்த கரையில் இருந்த நாற்பது குடும்பங்களுக்குக் காயலோரத் திட்டில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து இப்போது, கட்டுரை எழுத வயதுச் சோதனை வேண்டுமாம். குளிர் அறையில் கிடந்த மற்றொரு பாதியை எடுத்து அடிமண்ணில் ஒரு துண்டு வெட்டச் சொன்னார்கள். வெட்டும்போதுதான் நூல் வந்தது.

மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் எவனும் நைலான் வலை வீசவில்லை.

கோடுகளை எதிர்முனையிலிருந்து பார்த்தாள். ஒரு தரம், இன்னொரு தரம். எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான். குழாய் தலைகீழ். கடல் அடங்கவில்லை. நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, இப்போதுதான் அடுத்தடுத்து வரத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கோடும் முந்தியதைவிடத் தடிமன்.

குழாயைத் தூக்கியதும், கீழே வைப்பதற்கு முன்பே, மேல்முனையைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட வேண்டும். படுக்கப்போட்டு இரண்டு பக்கமும் மூடிவிட்டால், அப்புறம் பிரம்மாவே வந்தாலும் எது மேல் எது கீழ் என்று சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்லித்தருவது இது.

திட்டில் முதல் வீடு அவளுடைய அண்ணன் வீடு. படகோட்டி. இந்தக் குழாயை எடுக்கப் போனதும் அவன் படகில்தான். பேச்சில் கெட்டிக்காரன். மற்ற முப்பத்தொன்பது குடும்பமும் வரமாட்டோம் என்றுதான் பிடிவாதமாக நின்றன. "என் தங்கச்சி மண்ணைப் பிளந்து பாத்திருக்கா" என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சி அழைத்து வந்தவன் அவன்தான். அவன் பேத்தி நடை பழகியது அந்தத் திட்டு மணலில்தான்.

வெளியே மழை விட்டபாடில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அன்னைக்குப் படகுல நீ போட்ட அம்புக்குறி சரிதான். இங்க கொண்டாந்தப்புறம் அதை அழிச்சிட்டு நான்தான் மாத்திப் போட்டுட்டேன். அந்தத் திட்டுக்குள்ள கடல் வரும். எல்லாரும் கிளம்பணும்."

மறுமுனையில் குழந்தை எதற்கோ சிரித்தது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"உன்னை நம்பித்தானே இத்தனை பேரையும் கூட்டிட்டு வந்தேன்?" என்றான் அண்ணன். "இனிமே என் மூஞ்சில முழிக்காதே."

இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். நாளைக் காலையில் இயக்குநரிடமும் இதையே சொல்ல வேண்டும். வேலை போகும். போகட்டும்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பாதிக் குழாயிலிருந்த களியைத் தட்டுக்கு மாற்றினாள். காலிக் குழாயை விளக்கடியில் கவிழ்த்தாள்.

அதன் முதுகில் ஒரே ஓர் அம்புக்குறிதான் இருந்தது. படகுக்கு எண் எழுதுகிற சிவப்புப் பெயின்ட். அழித்த தடம் எங்கும் இல்லை. குழாய் எடுத்த அன்று அவள் தலைசுற்றிப் படகின் ஓரத்தில் வாந்தியெடுத்துக் கிடந்தாள். நீ படு, நான் பாத்துக்கறேன் என்று அண்ணன் சொன்னது மட்டும்தான் நினைவிருக்கிறது. எந்த முனை என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிளேடை எடுத்துச் சிவப்பைச் சுரண்டினாள். துளி மிச்சமில்லாமல் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்தாள்.

பிறகு தன் கறுப்புப் பேனாவைத் திறந்து, அதே இடத்தில், அதே தவறான முனையைப் பார்த்து, ஓர் அம்புக்குறி போட்டாள்.