நீலம் ஏறாத மண்

கரடியனாற்றுக் காலை வெயிலில், மண் பரிசோதிக்க வந்த கிளோடியா கண்ணாடிக் குழாயை உயர்த்திப் பிடிக்கிறாள். பொஸ்பரஸ் இருந்தால் நீலமாக வேண்டிய கரைசல் வெறும் தண்ணீராகவே நிற்கிறது. நிலத்துக்காரி நிஸ்றாவின் பசு, விலா தெரிய, காய்ந்த எலும்பொன்றை மென்றுகொண்டிருக்கிறது. விசர் மாடு, பைத்தியம் பிடித்துவிட்டது என்று அயலார் சொன்னதில் பயந்து, அதை விற்க நிஸ்றா லொறியை வரச்சொல்லியிருக்கிறாள். “மாட்டுக்கு விசரில்ல. மண்ணுல பொஸ்பரஸ் இல்ல, புல்லும் வளரல்ல. புல்லுல கிடைக்காததத்தான் எலும்புல தேடுது,” என்கிறாள் கிளோடியா. நுனி ஊதாவாகிக் கணுக்காலளவில் நின்றுபோன புல்லை நிஸ்றா குனிந்து தடவுகிறாள். “பசளை போட்டா வளருமா மிஸ்?” “ஓம், இந்த மாரியோட முழங்காலளவுக்கு வரும். அதுவரைக்கும் தாதுக்கட்டி நக்கக் குடுங்க.” வேலிக்கு வெளியே லொறி ஹோர்ன் அடிக்கிறது. நிஸ்றா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “காக்கா, வண்டியத் திருப்புங்க!” என்று லொறிக்கார அண்ணனுக்குக் குரல் கொடுக்கிறாள்.