நாற்பத்தொன்றாம் பக்கம்

அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பட்டாளத்தின் ஐம்பது வருஷ வரலாறு. காலை அணிவகுப்பு முடிந்ததும், வந்திருந்த முந்நூறு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் சிப்பாய்களாக இருப்பவர்களின் பட்டாளம் அது. மற்ற நாட்களில் கண்டக்டர், தச்சர், பள்ளிக்கூட எழுத்தர்.

அவள் கணவர் சவரிமுத்து, மில்லில் ஃபிட்டர்.

கடைசி முகாம் முடிந்து, உடுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் கொள்ளிடத்தில் வெள்ளம். கட்டிய கைலியோடு இறங்கினார். நான்கு பேரைக் கரையேற்றினார்.

ஐந்தாவது ஆளுக்காகப் போனவர் திரும்பவில்லை.

உடுப்பில் இல்லாதவர் பெயர், பணியில் இறந்தவர்கள் பட்டியலில் வராது. அலுவலகத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

பத்தொன்பது வருஷமாகப் பட்டாளத்தின் ஆண்டு நாளில் வருகிறாள். கடைசி வரிசையில் உட்காருவாள். பட்டியலை வாசிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஜெபிப்பாள்.

வாசித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காது கொடுத்திருப்பாள்.

மீந்த புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு மருதை வந்தார். அச்சகத்திலிருந்து போன மாதமே எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தவர் அவர்தான். சவரிமுத்துவோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர். டவுன் பஸ் கண்டக்டர். அடுத்த மாதம் அந்த வேலையும் முடிகிறது.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் பாரு தங்கச்சி. அச்சடிச்சவன் ஒரு பேரை விட்டுட்டான்."

பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துவிட்டார்.

திறந்தாள்.

அச்சில் பதினொரு பெயர்கள். அவற்றின் கீழே, நீல மையில், பன்னிரண்டாவது.

ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதிய எழுத்து. வரி முழுவதும் குலுங்கியிருந்தது.

அச்சடித்தவன் எதையும் விடவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் மனம் ஆறட்டும் என்று மருதை எழுதியிருக்கிறார். நல்ல மனுஷர். இந்த ஒரு புத்தகத்திலாவது இருக்கட்டும்.

சிலுவை போட்டுக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு பெண். விரல் வைத்து, உதடு அசைய, பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தாள்.

பதினொன்றில் அந்த விரல் நிற்கவில்லை.

இவள் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

அதே நீல மை. அதே பெயர்.

ஆனால் அந்தப் புத்தகத்தில், 'மு' மட்டும் ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தது.